வெந்நீரில் போடுவதற்கு முன்: பழைய மாதிரி ரயில் பெட்டிகள் ஏன் கோணலாகின்றன?

அசல் ரயிலைச் சுருக்கிச் செய்த பழைய மாதிரி ரயிலின் பெட்டிக் கூரை வளைந்துவிட்டது என்று எந்தச் சேகரிப்பாளரிடம் சொன்னாலும் உடனே ஒரு வைத்தியம் கிடைக்கும்: "வெந்நீரில் போட்டு நிமிர்த்திவிடுங்கள்." சிலருக்கு அது பலித்திருக்கிறது. சிலருடைய பெட்டி வெந்நீரில் வெளுத்துப்போனது, சிலருடையது விரிசல் விட்டது, இன்னும் சிலருக்கு முன்பிருந்ததைவிடக் கோணல் கூடிவிட்டது. வைத்தியம் பொய்யல்ல. ஆனால் அது ஒரு நோய்க்கான வைத்தியம். கோணல் என்ற ஒரே அடையாளத்தோடு வரும் இரண்டு வெவ்வேறு நோய்களுக்கும் அதையே கொடுக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

பிளாஸ்டிக் வளைந்திருக்கிறதா, அல்லது குறைந்திருக்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது.

ஒரு பிரிட்டிஷ் பொம்மை ரயிலின் கதை

1950ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விற்பனைக்காக, லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் இருந்த ரோவெக்ஸ் என்ற நிறுவனம், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளுக்கு ஒரு மின்சார ரயில் தொகுப்பைச் செய்து கொடுத்தது. 'பிரின்சஸ் எலிசபெத்' எஞ்சினும் பயணிப் பெட்டிகளும் கொண்ட தொகுப்பு அது. அடுத்த ஆண்டே லைன்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் ரோவெக்ஸை வாங்கியது. 1952இல் அதே ரயில் 'டிரையாங் ரயில்வேஸ்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., அளவு 76இல் ஒரு பங்கு. பிரிட்டனில் இன்றும் புழங்கும் அளவு இதுதான்.

அந்தத் தொடக்கக்காலப் பெட்டிகள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. சில ஆண்டுகளில் நிறுவனம் பாலிஸ்டைரீனுக்கு மாறிவிட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணை உறுத்தும். பாலிஸ்டைரீன் பெட்டி பெரும்பாலும் நேராகவே நிற்கிறது. அசிடேட் பெட்டியின் நடுப்பகுதி தொய்ந்தோ எழும்பியோ இருக்கிறது. ஜன்னல்களின் கீழ்விளிம்பு நேர்கோடாக இல்லாமல் அலைபோல் ஓடுகிறது. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. இரண்டு முனைச் சுவர்களும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கின்றன.

எல்லாப் பிளாஸ்டிக் பெட்டியும் வயதானால் கோணலாகும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எதில் வார்த்தார்கள் என்பதுதான் பாதி விதி. எங்கே வைத்திருந்தார்கள் என்பது மீதி.

இளகுவதும் இறுகுவதும்

பிளாஸ்டிக் எதுவானாலும் அது மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். இந்தச் சங்கிலிகளுக்குப் பாலிமர் என்று பெயர். சங்கிலிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் கிடந்தால், சூடு பட்டதும் ஒன்றன்மேல் ஒன்று நழுவும், பொருள் இளகும். இதை இளகும் பிளாஸ்டிக் என்பார்கள். செல்லுலோஸ் அசிடேட், பாலிஸ்டைரீன் இரண்டுமே இந்த வகை. சங்கிலிகள் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் கட்டுண்டு கிடந்தால் எவ்வளவு சூடாக்கினாலும் நழுவாது, கடைசியில் கருகத்தான் செய்யும். அது இறுகும் பிளாஸ்டிக். பேக்கலைட் அதற்கு உதாரணம்.

மாதிரி ரயில்களில் பேக்கலைட்டும் உண்டு. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1941இல் கொண்டுவந்த 'இர்விங்டன்' பயணிப் பெட்டிகள் பேக்கலைட்டால் ஆனவை. கனமானவை, அழகானவை. அவற்றில் ஏதாவது கோணல் இருந்தால் அப்படியே விட்டுவிடுவதுதான் வழி. வெப்பம் அவற்றை நிமிர்த்தாது. பேக்கலைட்டைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

அப்பளம் காயும்போது நடப்பது

முதல் நோய் செல்லுலோஸ் அசிடேட்டுக்கு வருவது. அப்பளம் வெயிலில் காய்வதைக் கவனித்திருப்பீர்கள். மேல்பக்கம் முதலில் ஈரத்தை இழந்து சுருங்கும். அடிப்பக்கம் இன்னும் ஈரமாக, பழைய அளவிலேயே இருக்கும். குட்டையான மேல்பக்கம் இழுக்க, அப்பளத்தின் விளிம்பு எழும்பிக்கொள்ளும். முழுதும் காய்ந்த பிறகு அதை உள்ளங்கையால் அழுத்தினால் தட்டையாகாது, உடையும். ஏனென்றால் அதை வளைத்தது யாருடைய கையும் அல்ல. அதிலிருந்து போன தண்ணீர்.

அசிடேட்டில் தண்ணீரின் இடத்தில் இருப்பது நெகிழ்வூட்டி. பருத்தி அல்லது மரக்கூழிலிருந்து கிடைக்கும் செல்லுலோஸோடு அசிட்டிக் அமிலத்தை வினைபுரியச் செய்து பெறும் அசிடேட், தனியாக இருந்தால் விறைப்பாக இருக்கும், எளிதில் வார்க்க வராது. அதனால் எண்ணெய் போன்ற ஒரு வேதிப்பொருளைக் கலந்து சங்கிலிகளுக்கு நடுவில் வழுக்கலை உண்டாக்குவார்கள். அதுதான் நெகிழ்வூட்டி. வார்ப்புக்குரிய அசிடேட்டின் எடையில் கால் பங்கும் அதற்கு மேலும்கூட இது இருக்கலாம். இது சங்கிலிகளோடு வேதிப்பிணைப்பு எதுவும் இல்லாமல் சும்மா கலந்து நிற்பது. ஆகவே ஆண்டுக்கணக்கில் மெல்ல மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது, அல்லது பிசுபிசுப்பாகவும் வெள்ளைப் பொடியாகவும் படிகிறது. போன இடத்தைச் சங்கிலிகள் நெருங்கி நிரப்பிக்கொள்கின்றன. பொருள் சுருங்குகிறது.

எல்லா இடத்திலும் சமமாகச் சுருங்கினால் பெட்டி சிறிதாகும், அவ்வளவே. ஆனால் வெளிப்பக்கம் காற்றைப் பார்க்கிறது, உட்பக்கம் மூடிக் கிடக்கிறது. மெல்லிய ஜன்னல் கம்பிகள் வேகமாக இழக்கின்றன, தடித்த மூலைகள் தாமதமாக. இந்தச் சமமின்மைதான் கோணல்.

எவ்வளவு சிறிய வேறுபாடு போதும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். 180 மி.மீ. நீளமும் 1.5 மி.மீ. தடிப்பும் உள்ள ஒரு தட்டையான பட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முகம் மறு முகத்தைவிட 0.36 மி.மீ. மட்டும் அதிகமாகச் சுருங்குகிறது. நூற்றுக்கு 0.2 பங்குதான். பட்டையின் நடுப்பகுதி 5 மி.மீ.க்கு மேல் வளைந்துவிடும். சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது, வளைவு அறையின் மறுகோடியிலிருந்தே தெரியும்.

இதோடு இன்னொரு தொல்லை சேர்கிறது. பெட்டியின் உடல் சுருங்குகிறது, ஆனால் அது திருகப்பட்டிருக்கும் அடிச்சட்டமோ ஜன்னல்களின் உள்ளே ஒட்டிய ஒளிபுகும் தாளோ அதே அளவில் சுருங்குவதில்லை. இரண்டு முனையிலும் பிடிபட்ட 180 மி.மீ. தாளுக்குக் கிடைக்கும் இடம் ஒரே ஒரு மி.மீ. குறைந்தால் அதன் நடு 8 மி.மீ. அளவுக்குப் புடைக்கும். தாள் புடைக்கவில்லை என்றால் சுவர் வளையும். பல பெட்டிகளில் நாம் பார்க்கும் கோணலில் கணிசமான பங்கு இந்த இழுபறியால் வருவது. பழுது பார்க்கும்போது இது நமக்குச் சாதகமாகவும் அமையும். அதைப் பிறகு பார்ப்போம்.

நெகிழ்வூட்டி போவதோடு நிற்காமல், காற்றின் ஈரம் அசிடேட்டின் சங்கிலியிலிருந்து அசிட்டிக் அமிலத்தைப் பிரித்தெடுக்கவும் செய்கிறது. வினிகரின் புளித்த வாடை அதுதான். பிரிந்த அமிலம் அங்கேயே தங்கினால் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். பழைய திரைப்படச் சுருள்களைப் பாதுகாப்பவர்கள் 'வினிகர் நோய்' என்று பயப்படுவதும் இதையே, ஏனென்றால் அந்தச் சுருள்களும் செல்லுலோஸ் அசிடேட்தான்.

இதுவரை: அசிடேட் பெட்டி கோணலாவது அதிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறிவிட்டதால். போனதை வெந்நீர் திருப்பிக் கொடுக்காது.

சூடு பட்டு வளைந்தது வேறு

இரண்டாவது நோய்க்கு வருவோம். பாலிஸ்டைரீனில் வழக்கமாக நெகிழ்வூட்டியின் தயவு தேவையில்லை, தண்ணீரையும் அது ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. அது வளைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது: ஓட்டுக்கூரையின் கீழ்ப் பரண், வெயில் விழும் ஜன்னல் திண்டு, கோடையில் பூட்டி நிறுத்திய கார், பல ஆண்டுகளாக மேலே அழுத்திய பாரம். பொருள் எதுவும் குறையவில்லை. சங்கிலிகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். அவற்றை மறுபடி இடம் மாற்ற முடியும்.

எந்த வெப்பநிலைக்குக் கீழே சங்கிலிகள் உறைந்ததுபோல் நிற்கின்றனவோ, எதற்கு மேலே நகரத் தொடங்குகின்றனவோ, அந்த எல்லையைக் கண்ணாடி மாறுநிலை என்கிறார்கள். பாலிஸ்டைரீனுக்கு அது ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ். அந்த எல்லையை நெருங்கும்போதே, 60, 70 டிகிரியிலேயே, அழுத்திப் பிடித்தால் சங்கிலிகள் சிறுகச் சிறுக விட்டுக்கொடுக்கும்.

இங்கேதான் அதிகம் பரவியிருக்கும் தவறான நம்பிக்கை ஒன்று குறுக்கே வருகிறது. "பிளாஸ்டிக்குக்கு ஞாபகசக்தி உண்டு, சூடாக்கினால் தொழிற்சாலையில் வார்த்த வடிவத்துக்குத் தானே திரும்பும்" என்பார்கள். ஞாபகசக்தி உண்டு என்பது உண்மை. எதை ஞாபகம் வைத்திருக்கிறது என்பதில்தான் தவறு.

பெட்டியை வார்க்கும்போது 200 டிகிரி அளவில் உருகிய பிளாஸ்டிக்கைக் குளிர்ந்த எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். ஓடும் திசையில் சங்கிலிகள் நீட்டி இழுக்கப்படும். அவை சுருண்டு ஓய்வதற்குள் அச்சின் குளிர் அவற்றை உறையவைத்துவிடும். இப்படி உள்ளே சிறைப்பட்ட இழுவிசைக்கு உள்தகைவு என்று பெயர். ஆக, அச்சிலிருந்து வெளியே வரும் நேரான பெட்டியே சங்கிலிகளைப் பொறுத்தவரை ஒரு கட்டாய வடிவம். 100 டிகிரியைத் தாண்டிக் கட்டில்லாமல் சூடாக்கினால் அவை அந்த நேரான வடிவத்துக்குப் போகாது. சுருண்டு குட்டையாகும், கூடவே பெட்டியையும் சுருட்டிக்கொள்ளும். ஐஸ் காபி கொடுக்கும் மெல்லிய பாலிஸ்டைரீன் டம்ளரைச் சூடான மின்அடுப்புக்குள் (ஓவன்) வைத்தால் தட்டையான வட்டமாகிவிடுவதும் இதனால்தான். அது தட்டையான தகட்டை இழுத்துச் செய்த டம்ளர், தகடுதான் அதன் ஞாபகம்.

கொதிக்கும் நீரில் போட்டவர்களின் பெட்டி இன்னும் மோசமானதற்கு இது விளக்கம். கொதிநீர் சரியாக அந்த எல்லையில் நிற்கிறது.

இதுவரை: பாலிஸ்டைரீனை மாறுநிலைக்குக் கீழேயே வைத்து, நாம் விரும்பும் வடிவத்தில் கட்டிப் பிடித்து, நேரம் கொடுத்து நிமிர்த்தலாம். அது தானாக நிமிரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

எது என்று கண்டுபிடிப்பது

முதலில் மூக்கு. பெட்டியை ஒரு மூடிய டப்பாவில் ஓர் இரவு வைத்துவிட்டுத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அசிடேட், விசாரணை முடிந்தது. உள்ளே இருக்கும் இரும்பு எடைக்கட்டியும் சக்கர அச்சுகளும் காரணமில்லாமல் துருப்பிடித்திருந்தாலும் அந்த அமிலத்தின் வேலையாக இருக்கலாம். கற்பூர வாடை வந்தால் அது செல்லுலாய்டு. மிக எளிதில் தீப்பற்றும் பொருள், அதன் அருகே எந்தச் சூட்டையும் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது காது. கழற்றிய கூரையை நகத்தால் தட்டினால் பாலிஸ்டைரீன் உலோகம்போல் 'டிங்' என்று ஒலிக்கும். அசிடேட் மந்தமாக 'டொக்' என்னும். பழகிய காதுக்கு இது போதும்.

காதை நம்பாதவர்களுக்கு உப்புநீர். 200 மி.லி. தண்ணீரில் 70 கிராம் உப்பைக் கரைத்தால் அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ 1.2 மடங்காகும். பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05, அசிடேட்டுடையது சுமார் 1.3. ஆகவே சாதாரணத் தண்ணீரில் இரண்டும் மூழ்கும், உப்புநீரில் பாலிஸ்டைரீன் மட்டும் மிதக்கும். உலோகம் எதுவும் ஒட்டியிராத சிறு துண்டாகத் தேர்ந்தெடுங்கள். அடியில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் எதுவும் மிதக்கும், தூரிகையால் தட்டிவிடுங்கள். சில நொடிகளில் முடித்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும். அசிடோனைத் தொட்டுச் சோதிக்கச் சொல்பவர்களும் உண்டு. அது இரண்டையுமே கரைக்கும். வடு மிஞ்சும், விடை கிடைக்காது.

பாலிஸ்டைரீனை நிமிர்த்துவது

சக்கரம், எடைக்கட்டி, ஜன்னல் தாள், விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பக்கச் சுவரில் அச்சிட்ட எழுத்துகள் இருந்தால், கண்ணில் படாத ஓர் எழுத்தின்மேல் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். மை கிளம்பினால் நீரே வேண்டாம்.

பிறகு கட்டு. இதுதான் வேலையின் முக்கால் பங்கு. வளைந்த அடித்தளம் என்றால் இரண்டு கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவில் வைத்து அகலமான நாடாவால் சுற்றுங்கள். சுவர் உள்வாங்கியிருந்தால் பெட்டியின் உள் அகலத்தைவிட ஒரு மயிரிழை கூடுதலான மரத்துண்டை நடுவில் செருகுங்கள். கட்டை அவிழ்த்ததும் பிளாஸ்டிக் கொஞ்சம் பின்வாங்கும் என்பதால் எதிர்ப்பக்கமாகச் சிறிதளவு கூடுதலாக வளைத்துக் கட்டுவது நல்லது. குளிர்ந்த நிலையிலேயே கட்டும்போது 'மளுக்' என்ற ஒலி கேட்கிறது என்றால் நிறுத்துங்கள். முதல் முறை பாதி வளைவை எடுத்தால் போதும், மீதியை அடுத்த சுற்றில் பார்க்கலாம்.

நீருக்குத் தெர்மாமீட்டர் அவசியம். 55 டிகிரியில் தொடங்கிப் பத்து நிமிடம் மூழ்கவிட்டு, அதே நீரிலேயே கட்டோடு ஆறவிடுங்கள். மறுநாள் காலையில் அவிழ்த்துப் பாருங்கள். மாற்றமில்லையென்றால் 5 டிகிரி கூட்டுங்கள். 75ஐத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் தேவைப்படுவதுபோல் தோன்றினால் சூட்டைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுங்கள். தலைமுடி உலர்த்தியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எந்த இடத்தில் எத்தனை டிகிரி என்று அது சொல்லாது, மெல்லிய ஜன்னல் கம்பிகள் உருகிய பிறகுதான் தடித்த கூரை சூடேறும்.

அசிடேட்டோடு சமாதானம்

அசிடேட்டை வெந்நீரில் மூழ்கடிப்பது மிச்சமிருக்கும் நெகிழ்வூட்டியையும் கரைத்து இழுக்கும், ஈரத்தையும் உள்ளே அனுப்பும். வெளுப்பது அதனால்தான். கையால் வளைத்து நிமிர்த்தவும் கூடாது. நெகிழ்வூட்டி போன அசிடேட் நொறுங்கும்.

செய்ய வேண்டியது எதிர்த்திசையில்: இழுபறியை விடுவிப்பது. உடலை அடிச்சட்டத்திலிருந்து கழற்றுங்கள், ஜன்னல் தாள்களை மெதுவாகப் பிரியுங்கள், கூரை தனியாக வருமானால் அதையும் எடுங்கள். பிறகு எதையும் செய்யாமல் சில வாரங்கள் அப்படியே விடுங்கள். கட்டு நீங்கியதும் வளைவின் ஒரு பகுதி தானாகவே தளர்வதுண்டு. அதற்குப் பிறகும் மிஞ்சுவதற்கு, சமதளத்தில் வைத்து, மேலே ஒரு மெல்லிய புத்தகத்தின் அளவே பாரம் ஏற்றி, 40 டிகிரி அளவிலான உலர்ந்த இளஞ்சூட்டில் நாள்கணக்கில் விடலாம். முழுதும் நேராகாது. பாதி வந்தாலே லாபம்.

அடுத்து, சுருங்கிய உடலுக்கு ஏற்றபடி சுருங்காத பாகங்களைத் திருத்த வேண்டும். அடிச்சட்டத்தின் திருகுத் துளைகளை அரத்தால் நீள்துளைகளாக்கினால் உடல் இனிச் சுருங்கினாலும் இழுபடாது. புதிய ஜன்னல் தாளை இரு முனையிலும் ஒரு மி.மீ. குறைத்து வெட்டி, ஒரு முனையில் மட்டும் ஒட்டுங்கள். கூரை மீட்க முடியாத நிலையில் இருந்தால் முப்பரிமாண அச்சில் செய்த மாற்றுக் கூரையைப் பொருத்தி, பழையதைப் பத்திரப்படுத்தலாம். அசல் பாகத்தை எறிந்துவிட்டவர் அதைப் பிறகு விற்கப்போகும்போது வருந்துவார்.

எங்கே வைப்பது

அசிடேட்டைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறையில் அடைக்காதீர்கள். அமிலம் உள்ளேயே சுற்றும். காற்றோட்டமான அட்டைப்பெட்டியில், அமிலமற்ற தாள் சுற்றி, மற்றப் பெட்டிகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். செயலூட்டிய கரி கொண்ட சிறு பை ஒன்று அருகில் இருந்தால் ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரமும் வெப்பமும் சேர்ந்தே வருவதால் பரணும் இரும்பு பீரோவின் மேல்தட்டும் மிக மோசமான இடங்கள். உள்சுவரை ஒட்டிய தாழ்வான அலமாரி மேல்.

பாலிஸ்டைரீன் பெட்டிக்கு இந்தக் கவலை இல்லை, வேறொன்று உண்டு. மிருதுவான பிவிசி உறை, மின்கம்பி, விரிப்பு ஆகியவற்றிலும் நெகிழ்வூட்டி இருக்கிறது. அவற்றின்மேல் மாதக்கணக்கில் பெட்டி கிடந்தால் அந்த நெகிழ்வூட்டி பாலிஸ்டைரீனுக்குள் இறங்கி, தொட்ட இடத்தையெல்லாம் குழைத்துவிடும். நிமிர்த்திய பெட்டியை வைக்குமுன் அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டுவிடுங்கள்.